கேம்பர் ஏற்றும் பிக்கப்புக்கு ஏர் பேக்கா, ரப்பரா, கூடுதல் பட்டையா?

கேம்பர் வாங்கிய நண்பர்கள் மறு வாரமே போன் போட்டுக் கேட்பது இதைத்தான்: "வண்டி பின்னால உட்கார்ந்துடுச்சு, என்ன போடலாம்?" இழுத்துச் செல்லும் டிரெய்லரைப் பற்றி அவர்கள் கேட்பதில்லை. பிக்கப் டிரக்கின் பின்தொட்டியில் அப்படியே ஏற்றி வைக்கும் சின்ன வீட்டைப் பற்றித்தான் கேட்கிறார்கள். படுக்கை, அடுப்பு, குளிர்பெட்டி, தண்ணீர் டேங்க் எல்லாம் அதற்குள் இருக்கும். கனடாவிலும் அமெரிக்காவிலும் கோடை வந்தால் மலைச்சாலைகளில் அடுத்தடுத்துப் பார்க்கலாம். டிரெய்லருக்குச் சொந்தச் சக்கரம் உண்டு. கேம்பருக்கு இல்லை. அதன் எடை ஏறக்குறைய முழுவதும் டிரக்கின் பின் அச்சில்தான் இறங்கும்.

நான் இருப்பது கனடாவின் கால்கரியில். என் முதல் கேம்பரை முக்கால் டன் டிரக்கில் ஏற்றியபோது நானும் இதே கேள்வியோடு ஒரு கடைக்குப் போனேன். (அரை டன், முக்கால் டன், ஒரு டன் என்பவை பிக்கப்பின் வலுவைச் சொல்லும் வகைப் பெயர்கள். அது தாங்கும் உண்மையான எடை அல்ல.) பின் அச்சுக்கு மேலே வண்டியைத் தாங்கும் காற்றுப் பைகளான ஏர் பேக் மாட்டி, 80 பி.எஸ்.ஐ. அழுத்தத்துக்குக் காற்றடித்துக் கொடுத்தார்கள். வண்டி கோடு போட்டதுபோல் மட்டமாக நின்றது. அந்த வாரக் கடைசியில் 2-ஆம் நெடுஞ்சாலையில் ஃபோர்ட் மக்லௌட் நோக்கித் தெற்கே போனோம். மலைப் பக்கமிருந்து மேற்குக் காற்று பக்கவாட்டில் அடிக்கிற சாலை அது. ஏர் பேக் போடுவதற்கு முன் இருந்ததைவிட வண்டி அதிகமாக ஆடியது. மனைவி கைப்பிடியை விடவே இல்லை. மட்டமாக நிற்கும் வண்டி ஏன் இப்படி ஆடுகிறது என்று விளங்க எனக்கு ஒரு கோடை முழுவதும் ஆனது. அந்தக் கோடையில் கற்றுக்கொண்டதுதான் இந்த ஒப்பீட்டின் அடிப்படை.

மூன்று வேறு கோளாறுகள்

"சஸ்பென்ஷன் சரியில்லை" என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று தனித்தனிக் கோளாறுகள் இருக்கின்றன. எது உங்களுடையது என்று தெரியாமல் எதை வாங்கினாலும் பணம் வீண்.

முதலாவது, உட்காருதல். பின்பக்கம் தாழ்ந்து, முன்பக்கம் தூக்கி, ஹெட்லைட் எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும். நின்றுகொண்டிருக்கும் வண்டியிலேயே இது தெரியும்.

இரண்டாவது, பக்கவாட்டு ஆட்டம். வளைவிலோ, காற்றிலோ, பெரிய லாரி தாண்டிப் போகும்போதோ, பெட்ரோல் நிலைய வாசலில் ஒரு சக்கரம் மட்டும் ஏறி இறங்கும்போதோ கேம்பர் இடமும் வலமும் சாயும். கேம்பரின் எடை மையம் உயரத்தில் இருப்பதால் வருவது இது. ஆபத்து அதிகம் இதில்தான்.

மூன்றாவது, துள்ளல். பாலத்தின் இணைப்பைத் தாண்டிய பிறகும் வண்டி இரண்டு மூன்று முறை முன்னும் பின்னும் ஆடி ஆடி அடங்கும். ஷாக் அப்சார்பரால் ஸ்பிரிங்கை அடக்க முடியவில்லை என்பது இதன் பொருள்.

ஏர் பேக் முதல் கோளாறுக்கு மருந்து. நான் அதை இரண்டாவதற்குப் போட்டிருந்தேன்.

கடைக்கு முன் எடை மேடை

டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை கிலோவை, இத்தனை பவுண்டைத் தாண்டக்கூடாது என்று அதில் எழுதியிருக்கும். அதே தூணில் இன்னொரு ஸ்டிக்கரில் வண்டியின் மொத்த எடை வரம்பும், முன் அச்சு, பின் அச்சு ஒவ்வொன்றின் வரம்பும் இருக்கும். கேம்பர்காரருக்கு எல்லாவற்றையும்விட முக்கியமான எண் பின் அச்சு வரம்புதான்.

கேம்பர் விளம்பரத்தில் போடும் எடை காலி எடை. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். காலி எடை 2,200 பவுண்டு. 30 அமெரிக்க கேலன் தண்ணீர் நிரப்பினால், கேலனுக்கு 8.34 பவுண்டு வீதம் 250. புரொப்பேன் சிலிண்டர் இரண்டும் நிரம்பியிருந்தால் சுமார் 75. பேட்டரி 60. கேம்பரைப் பிடித்து வைக்கும் கொக்கிகளும் திருகுகளும் 100. துணி, பாத்திரம், அரிசி, நாற்காலி என்று சேர்த்தால் 350 சாதாரணம். இதுவே 3,035 பவுண்டு. இருவர் ஏறி உட்கார்ந்தால் இன்னொரு 320. விளம்பரத்தில் 2,200 என்று பார்த்தது சாலைக்கு வரும்போது 3,355 ஆகிவிடுகிறது. கதவு ஸ்டிக்கரில் 3,000 என்று எழுதியிருந்தால் இந்த வண்டி வரம்பைத் தாண்டிவிட்டது.

கணக்கு போட்டதோடு நிற்காதீர்கள். பயணத்துக்குப் போவது போலவே எல்லாவற்றையும் ஏற்றி, தண்ணீர் நிரப்பி, குடும்பத்தோடு நெடுஞ்சாலை லாரி நிறுத்தத்திலுள்ள எடை மேடைக்குப் போங்கள். முன் அச்சு, பின் அச்சு இரண்டுக்கும் தனித்தனி எண் அச்சடித்த சீட்டு கிடைக்கும். கட்டணம் ஒரு சாப்பாட்டுச் செலவுக்குள் முடிந்துவிடும்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். இந்தக் கட்டுரையில் வரும் எந்தப் பொருளும் ஸ்டிக்கரில் உள்ள எண்ணைக் கூட்டாது. பெட்டியில் "5,000 பவுண்டு" என்று பெரிதாகப் போட்டிருந்தால், அந்த அளவு எடையைத் தூக்கி மட்டம் செய்ய முடியும் என்பதுதான் பொருள். அச்சு, பேரிங், பிரேக், சக்கரம், சேஸி எல்லாம் பழையபடியேதான் இருக்கின்றன. தயாரிப்பாளர்களே தங்கள் கையேட்டில் வண்டியின் எடை வரம்பைத் தாண்டாதீர்கள் என்று எழுதுகிறார்கள். எடைச் சீட்டில் பின் அச்சு எண் வரம்பைத் தாண்டியிருந்தால், உங்களுக்குத் தேவை ஸ்பிரிங் அல்ல. குறைந்த எடைக் கேம்பர் அல்லது பெரிய டிரக்.

எதை வைத்து ஒப்பிடுகிறேன்

மேலே சொன்ன மூன்று கோளாறுகளில் எதைச் சரிசெய்கிறது என்பது முதல் அளவுகோல். கேம்பரை இறக்கி வைத்துவிட்டு வேலைக்குப் போகும் நாளில் வண்டி எப்படி ஓடும் என்பது இரண்டாவது. ஆண்டில் 40 நாள் கேம்பர் ஏற்றினால் மீதி 325 நாள் காலி வண்டியில்தான் உட்காரப் போகிறீர்கள். பழுதானால் நடுக்காட்டில் என்ன ஆகும் என்பது மூன்றாவது. கனடாவின் வடக்கே யூகான் பக்கம் டெம்ப்ஸ்டர் நெடுஞ்சாலையில் 700 கிலோமீட்டருக்கு மேல் சரளைக்கல் சாலை. அங்கே காற்றுக் குழாய் பிய்ந்தால் உதவி வெகு தூரத்தில் இருக்கும். கடைசியாகப் பணம்: பெட்டி விலையோடு பின்னால் வரும் செலவும் சேர்த்து.

டயர் காற்றும் ஷாக்கும்

பலர் இதைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். நான் எப்போதும் இங்கேதான் தொடங்கச் சொல்வேன்.

பயணிகள் கார் வகை டயரின் பக்கச் சுவர் மெல்லியது. மேலே ஒன்றரை டன் ஏறினால் அந்தச் சுவரே நெளிந்து ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும். கேம்பருக்கு அதிகச் சுமை தாங்கும் லோட் ரேஞ்ச் 'ஈ' வகை லாரி டயர் (அளவுக்கு முன்னால் 'எல்.டி.' என்றிருக்கும்) வேண்டும். உதாரணமாக எல்.டி. 245/75 ஆர்17 அளவில் அந்த வகை டயர் ஒன்று 80 பி.எஸ்.ஐ. காற்றில் 3,195 பவுண்டு தாங்கும், அதாவது ஜோடிக்கு 6,390. எல்.டி. 275/70 ஆர்18 என்றால் ஒன்றுக்கு 3,640. உங்கள் எடைச் சீட்டின் பின் அச்சு எண்ணை இதோடு ஒப்பிடுங்கள். காலி வண்டிக்காகக் காற்றைக் குறைத்து வைத்திருந்து, கேம்பர் ஏற்றும்போது அதைக் கூட்ட மறப்பதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு. கதவு ஸ்டிக்கரில் சொன்ன பின்சக்கரக் காற்றழுத்தத்தை, டயர் குளிர்ந்திருக்கும்போது சரிபாருங்கள்.

ஷாக் அப்சார்பர் எடையைத் தாங்குவதில்லை. அசைவை அடக்குவதுதான் அதன் வேலை. கம்பெனி ஷாக் காலி வண்டியையும் நடுத்தரச் சுமையையும் கணக்கில் வைத்துச் செய்தது. எடை கூடினாலும் ஸ்பிரிங் கடினமானாலும் அதற்கு அடக்கும் சக்தி போதாது, துள்ளல் வரும். அதனால் கீழே எந்த வழியைத் தேர்ந்தாலும் ஷாக்குக்கும் பணம் ஒதுக்குங்கள். பில்ஸ்டைன் 5100 போன்றவை நல்ல தேர்வு. ரான்ச்சோ ஆர்.எஸ்.9000 எக்ஸ்.எல். வகையில் கையால் திருப்பும் குமிழில் 9 நிலைகள் உண்டு. கேம்பர் ஏற்றியதும் பின்பக்கம் கடினமாக வைத்து, இறக்கியதும் இளக்கிக்கொள்ளலாம். கேம்பரை அடிக்கடி ஏற்றி இறக்குபவருக்கு நான் அதையே சொல்வேன்.

ஓவர்லோட் பட்டையை முன்கூட்டியே வேலை வாங்குவது

நம் ஊர் லாரிப் பட்டறைகளில் லீஃப் ஸ்பிரிங்கைக் கமான் பட்டை என்பார்கள். முக்கால் டன், ஒரு டன் பிக்கப்புகளில் பெரும்பாலானவற்றில் பின்னால் இந்தப் பட்டைக் கட்டுதான் இருக்கிறது. வழக்கமான பட்டைகளோடு தடித்த ஓவர்லோட் பட்டை ஒன்றும் இருக்கும். சில வண்டிகளில் அது கட்டுக்கு மேலே, சிலவற்றில் கீழே. காலி வண்டியில் அது எதையும் தொடாது. எடை ஏறி வண்டி இறங்கிய பிறகுதான் தொட்டு வேலையைத் தொடங்கும். காலியில் மென்மை, சுமையில் வலு என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது.

சிக்கல் அந்த இடைவெளியில்தான். தொடும்வரை வண்டி மெல்லிய பட்டைகளின் மேல் மட்டும் ஊசலாடுகிறது. வளைவில் சாயும்போது ஒரு பக்கம் தொட்டு, மறுபக்கம் விலகி, மீண்டும் தொடுகிறது. டார்க்லிஃப்ட் நிறுவனத்தின் ஸ்டேபிள்லோட் என்ற பொருள் அந்த இடைவெளியை நிரப்பும் கட்டை. ஓவர்லோட் பட்டை தொடக்கத்திலிருந்தே சுமையை ஏற்றுக்கொள்ளும். உட்காருதல் கொஞ்சம் குறையும், ஆட்டம் நன்றாகக் குறையும்.

எனக்கு இதில் பிடித்தது, வண்டியோடு வந்த இரும்பையே இது வேலை வாங்குகிறது. காற்று இல்லை, குழாய் இல்லை, கசிவு இல்லை. கீழ்ப்பட்டைக்கான வகையில் கேம்பர் இல்லாதபோது திருப்பி விலக்கி வைக்கும் வசதியும் உண்டு. அதனால் காலி வண்டி பழைய மென்மையோடு ஓடும்.

மறைந்த செலவும் இருக்கிறது. கீழ்ப்பட்டைக்கான வகையில் பட்டையிலேயே துளை போட வேண்டிவரும். ஸ்பிரிங் எஃகு கடினமானது, சாதாரண டிரில் பிட் சூடாகி மழுங்கிவிடும். துளை போட மனமில்லாதவர்களும் இருக்கிறார்கள், அந்தத் தயக்கம் நியாயமானதே. பட்டைக்குப் பதில் சுருள் வில் இருக்கும் காயில் ஸ்பிரிங் வண்டிகளுக்கு இந்த வழி பொருந்தாது.

ரப்பர்க் கட்டைகள்

சேஸிக்கும் அச்சுக்கும் நடுவே, பெரிய பள்ளத்தில் இரும்பும் இரும்பும் மோதாமல் இருக்க ஒரு சின்ன ரப்பர் இருக்கும். அதைக் கழற்றிவிட்டு, உள்ளே வெற்றிடமுள்ள பெரிய ரப்பர் ஸ்பிரிங்கை மாட்டுவது கனடாவின் ஒன்டாரியோவைச் சேர்ந்த டிம்ப்ரன் நிறுவனத்தின் வழி. சுமோஸ்பிரிங்ஸ் என்பது நுண்ணிய காற்றறைகள் கொண்ட பாலியூரித்தேன் நுரைக்கட்டை. இரண்டும் அழுத்த அழுத்த இறுகும். வண்டி ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கக் கட்டை இறுகி எதிர்த்து நிற்கும்.

வீட்டு வாசலிலேயே ஒரு பிற்பகலில் மாட்டிவிடலாம். அதற்குப் பிறகு திரும்பிப் பார்க்கத் தேவையில்லை. கழுவவோ, காற்றடிக்கவோ, சோதிக்கவோ எதுவும் இல்லை. தூரக் காட்டுச் சாலைக்கு இதைவிட நம்பகமானது கிடையாது.

குறை, உயரத்தை நீங்கள் தீர்மானிக்க முடியாது. ரப்பர் எங்கே நிற்கிறதோ அங்கேதான் வண்டி நிற்கும். இடது பக்கம் குளிர்பெட்டியும் பேட்டரியும் இருந்து கேம்பர் இடப்பக்கம் சாய்ந்தால், வலதைவிட இடதை உயர்த்த வழியில்லை. அளவைத் தவறாகத் தேர்ந்தால், அதாவது எடைக்கு மேல் கடினமானதை வாங்கினால், வரிவரியான சரளைச் சாலையில் ஒவ்வொரு மேடும் முதுகில் ஏறும்.

ஏர் பேக்

விபத்தில் ஸ்டீயரிங்கிலிருந்து வெடித்து வரும் பையை நினைக்க வேண்டாம். சேஸிக்கும் அச்சுக்கும் நடுவே இரு பக்கமும் நிற்கும் தடித்த ரப்பர்ப் பைகள் இவை. ஃபயர்ஸ்டோனின் ரைட்-ரைட், ஏர் லிஃப்ட் நிறுவனத்தின் லோட்லிஃப்டர் 5000 இரண்டும் பரவலாகக் கிடைப்பவை. லோட்லிஃப்டர் 5000-இல் 5 முதல் 100 பி.எஸ்.ஐ. வரை காற்று வைக்கலாம்.

இதன் பலம் வேறு எதற்கும் இல்லை. எடை மாறினால் காற்றை மாற்றிக்கொள்ளலாம். இடது தாழ்ந்தால் இடதுக்கு மட்டும் கூட்டலாம். கேம்பரை இறக்கியதும் குறைந்தபட்சக் காற்றுக்கு வந்துவிட்டால் காலி வண்டி கிட்டத்தட்டப் பழையபடி ஓடும். வாரக் கடைசியில் கேம்பர், நடுவில் அலுவலகம் என்று வாழ்பவருக்கு இந்த வசதி பெரிது.

இப்போது என் முதல் பயணத்துக்கு வருகிறேன். 80 பி.எஸ்.ஐ. காற்று வண்டியை உயரத் தூக்கியதில், ஓவர்லோட் பட்டை தொடும் இடத்திலிருந்து முழுவதுமாக விலகிவிட்டது. முன்பு வண்டி தாழ்ந்திருந்தாலும் அந்தத் தடித்த பட்டை இரு பக்கமும் தாங்கி நின்றது. நான் பணம் கொடுத்து அந்தத் தாங்கலை எடுத்துவிட்டிருக்கிறேன். மிச்சமிருந்தவை மெல்லிய பட்டைகளும் இரண்டு காற்றுப் பைகளும். பைகள் பட்டைகளைவிட உள்ளே தள்ளி, ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருப்பதால் சாய்வை எதிர்க்கும் நெம்புவிசையும் குறைவு. காற்றை 35 பி.எஸ்.ஐ.க்கு இறக்கினேன். ஓவர்லோட் பட்டை மீண்டும் தொட்டது. வண்டி ஓர் அங்குலம் தாழ்ந்தது, ஆட்டம் பாதியாகக் குறைந்தது. 35 என்பது என் வண்டியின் எண். உங்கள் எண்ணைக் கீழே படுத்து, டார்ச் அடித்து, பட்டை தொடுகிறதா என்று பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இன்னொரு தவறையும் தவிர்த்துவிடுங்கள். செலவு மிச்சம் என்று இரண்டு பைகளையும் ஒரே குழாயில் இணைத்து ஒரே வால்வு வைத்தால், வளைவில் அழுந்தும் பக்கத்துக் காற்று மறுபக்கம் ஓடி, சாய்வை இன்னும் கூட்டும். கேம்பருக்கு இரண்டு பைக்கும் இரண்டு தனிக் குழாய்தான்.

பின்னால் வரும் செலவு இந்த வழியில் அதிகம். குழாயை நேராக, பிசிறில்லாமல் வெட்டாவிட்டால் இணைப்பில் மெல்லக் கசியும். சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்க்க வேண்டும். சைலன்சர் குழாய்க்கு அருகே போனால் உருகும். காற்றே இல்லாமல் ஓட்டினால் பை மடிந்து கிழியும். கால்கரிக் குளிரில் குழாய்க்குள் இருக்கும் ஈரம் உறைந்து தொல்லை தரும். வண்டிக்குள்ளிருந்தே காற்றடிக்க கம்ப்ரசர் வேண்டுமென்றால் கிட்டத்தட்ட இன்னொரு கிட்டின் விலை. ஏர் லிஃப்டின் அல்டிமேட் வகையில் பைக்குள்ளேயே ஒரு ரப்பர் நிறுத்தி இருக்கிறது. காற்று போனாலும் மெல்ல ஊர்ந்து வீடு சேரலாம். தூரப் பயணம் போகிறவர் கூடுதல் பணம் கொடுத்து அதையே வாங்குவது நல்லது.

சேஸியைப் பற்றியும் ஒரு வார்த்தை. பட்டை சேஸியை முன்னும் பின்னும் இரண்டு இடத்தில் தாங்குகிறது. ஏர் பேக்கும் ரப்பர்க் கட்டையும் அச்சுக்கு மேலே ஒரே புள்ளியில் தள்ளுகின்றன. ஆஸ்திரேலியாவில் இரட்டைக் கேபின் யூட் வண்டிகளில் (அங்கே பிக்கப்புக்கு அந்தப் பெயர்) ஏர் பேக் வைத்து, அச்சுக்குப் பின்னால் நீள எடையை நீட்டி, பள்ளமான சாலைகளில் ஓட்டிச் சேஸி வளைந்த நிகழ்வுகள் நன்கு அறியப்பட்டவை. வட அமெரிக்க முக்கால் டன் வண்டியின் சேஸி அதைவிட வலுவானது. ஆனாலும் கேம்பரின் எடை மையக் குறி பின் அச்சுக்கு முன்னால் விழுகிறதா என்று பாருங்கள். பின்னால் விழுந்தால் முன்சக்கரங்கள் எடை இழக்கும், ஸ்டீயரிங் லேசாகும். எந்த ஸ்பிரிங்கும் அதைத் திருத்தாது.

கூடுதல் கமான் பட்டை

இருக்கும் கட்டில் ஒரு பட்டை சேர்ப்பது, அல்லது உங்கள் எடைச் சீட்டைக் காட்டி முழுக்கட்டையும் புதிதாகச் செய்வது. கலிஃபோர்னியாவின் டீவர் போன்ற பட்டறைகள் இப்படி அளவெடுத்துச் செய்து தருகின்றன. சூப்பர்ஸ்பிரிங்ஸ், ஹெல்விக் போன்றவற்றின் துணைப் பட்டைகள் பழைய கட்டின் மேலேயே உட்காரும்.

கேம்பரை இறக்கவே போவதில்லை என்பவருக்கு இதுதான் முறையான தீர்வு. சுமை, பட்டை எப்போதும் தாங்கும் அதே இரண்டு இடங்களில் இறங்குகிறது. பட்டைகள் அகலத்தில் வெளியே இருப்பதால் ஆட்டத்தையும் எதிர்க்கும்.

ஆனால் காலி வண்டியில் தினமும் போகிறவருக்குத் தண்டனை. பட்டைக் கட்டை அச்சோடு இறுக்கிப் பிடிக்கும் யூ-போல்ட் புதிதாக வாங்க வேண்டும், பழையதை மீண்டும் முறுக்கக் கூடாது. சில நூறு கிலோமீட்டர் ஓடிய பின் திரும்ப முறுக்கிப் பார்க்க வேண்டும். பின்பக்கம் உயர்ந்தால் டிரைவ் ஷாஃப்டின் கோணம் மாறி அதிர்வு வரலாம், ஹெட்லைட்டையும் மறுபடி சரிசெய்ய வேண்டும். கூலியோடு சேர்த்தால், இங்கே சொன்னவற்றில் செலவு அதிகமானது இதுவே.

ஸ்வே பார்

ஒரு தடித்த வளைகம்பி. அச்சின் இரு பக்கத்தையும் சேஸியோடு இணைக்கும். வண்டி சாய்ந்தால் அது முறுக்கிக்கொண்டு எதிர்க்கும். இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறி இறங்கினால் எதுவும் செய்யாது. எனவே உட்காருவதைத் துளியும் சரிசெய்யாது, ஆட்டத்துக்கு மட்டுமே மருந்து. வளைந்த மலைச்சாலை அதிகம் ஓட்டுபவர்களுக்கு இதன் பலன் முதல் வளைவிலேயே தெரியும். உங்கள் டிரக்கில் பின்பக்க ஸ்வே பார் ஏற்கெனவே இருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிட்டு வாங்குங்கள். கடினமான பாரோடு காலி வண்டியைப் பனிச்சாலையில் ஓட்டும்போது பின்பக்கம் எளிதாக வழுக்கும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

ஒரே பார்வையில்

| வழி | உட்காருதல் | ஆட்டம் | துள்ளல் | காலி வண்டி | பராமரிப்பு | செலவு |
|---|---|---|---|---|---|---|
| சரியான டயர் காற்று | இல்லை | ஓரளவு | இல்லை | காற்றைக் குறைத்தால் போதும் | அழுத்தம் பார்ப்பது | இல்லை |
| ஷாக் | இல்லை | கொஞ்சம் | மிக நன்று | நன்று | இல்லை | நடுத்தரம் |
| ஸ்டேபிள்லோட் | கொஞ்சம் | நன்று | இல்லை | விலக்கினால் நன்று | மிகக் குறைவு | குறைவு |
| ரப்பர்க் கட்டை | நன்று | நன்று | கொஞ்சம் | தொடாவிட்டால் நன்று | இல்லை | குறைவு |
| ஏர் பேக் | மிக நன்று | அளவு தவறினால் கூடும் | இல்லை | நன்று | அதிகம் | நடுத்தரம், கம்ப்ரசரோடு அதிகம் |
| கூடுதல் பட்டை | மிக நன்று | நன்று | ஷாக் மாற்றாவிட்டால் கூடும் | கடினம் | குறைவு | மிக அதிகம் |
| ஸ்வே பார் | இல்லை | மிக நன்று | இல்லை | பனியில் கவனம் | குறைவு | நடுத்தரம் |

யாருக்கு எது

கேம்பர் வாரக் கடைசிக்கு மட்டும், டிரக் தினசரி வேலைக்கு, பின் அச்சு வரம்புக்குள் நன்றாக இருக்கிறது என்றால்: டயர் காற்று, பிறகு ஸ்டேபிள்லோட். அதோடு ஒரு முழுப் பயணம் போய் வாருங்கள். ஒரு பக்கம் சாய்ந்து நின்றால் மட்டும் ஏர் பேக் சேர்த்து, தேவையான அளவுக்கு மட்டும் காற்று வையுங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் மாட்டினால் எது உதவியது, எது கெடுத்தது என்று தெரியாது.

தூரச் சாலை, சரளை, தனிப் பயணம் என்றால் ரப்பர்க் கட்டையும் நல்ல ஷாக்கும். என் நண்பர் ஒருவர் டெம்ப்ஸ்டர் போகுமுன் ஏர் பேக்கைக் கழற்றி ரப்பருக்கு மாறினார். நானும் அதையே செய்திருப்பேன்.

கேம்பர் ஆண்டு முழுவதும் மேலேயே இருந்தால், பணத்தைச் சேர்த்து அளவெடுத்த பட்டைக்கட்டு, அதற்கேற்ற ஷாக். இடையில் சின்னச் சின்னதாக நான்கு பொருள் வாங்கினால் அதே பணம் போய்விடும்.

வளைவில்தான் பயம், வண்டி மட்டமாகத்தான் நிற்கிறது என்றால் ஸ்வே பார். உயரத்தைத் தொட வேண்டாம்.

2014 முதல் வந்த ராம் 2500-இல் பின்னால் பட்டை இல்லை, காயில் ஸ்பிரிங். அதில் ஓவர்லோட் பட்டை என்ற பேச்சே கிடையாது. ரப்பரோ ஏர் பேக்கோதான் வழி, கூடவே ஸ்வே பாரையும் பாருங்கள். பட்டை வண்டியில் ஏர் பேக் ஏற்படுத்தும் "தூக்கி விலக்கும்" சிக்கல் இதில் இல்லை என்பதால், காயில் வண்டிக்காரருக்கு நான் ஏர் பேக்கைத் தயங்காமல் சொல்வேன். ராம் 3500-இல் பட்டை இருக்கிறது. இன்னும் டிரக் வாங்காமல் யோசிப்பவராக இருந்தால், விலை வித்தியாசத்தைப் பார்த்துவிட்டு அந்த ஒரு டன் வண்டியையே எடுங்கள். ஃபோர்டு சூப்பர் டூட்டி பக்கம் போனால் கேம்பர் பேக்கேஜ் உள்ள வண்டியைத் தேடுங்கள். கம்பெனியிலேயே துணை ஸ்பிரிங்கும் பின்பக்க ஸ்வே பாரும் சேர்ந்து வரும். பிறகு நீங்கள் வாங்கப்போகும் பாதிப் பொருள் அதிலேயே அடங்கிவிடுகிறது.

கடைசியாக, அரை டன் டிரக் வைத்துக்கொண்டு கேட்பவர்கள். இவர்களிடமிருந்துதான் அதிகம் கேள்வி வருகிறது, இவர்களுக்குப் பதில் சொல்வதுதான் எனக்குக் கஷ்டமும். அரை டன் வண்டிகள் பலவற்றின் கதவு ஸ்டிக்கரில் 1,500 முதல் 1,800 பவுண்டுதான் இருக்கும். அதிலிருந்து நான்கு பேர் குடும்பத்தைக் கழித்தால் மிச்சம் ஆயிரத்தை ஒட்டித்தான் வரும். முழுக் கேம்பரை அதில் ஏற்றி, ஏர் பேக்கில் மட்டமாக நிறுத்திவிட்டால் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் பிரிட்டிஷ் கொலம்பியாவின் கோக்விஹாலா மலை நெடுஞ்சாலை இறக்கத்தில் அந்த எடையை நிறுத்தப்போவது அதே அரை டன் பிரேக்குகள்தான். இவர்களுக்கு நான் சொல்வது, கூரை மடங்கி எழும் லேசான பாப்-அப் கேம்பர். அதிலும் சமையலறை, குளியலறை சேர்க்காத வெறும் கூடு போன்றதை எடுத்து, உள்ளே படுக்கையும் ஓர் அடுப்பும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரை டேங்கில் ஏற்றிச் செல்லாமல் முகாமுக்குப் போய்ப் பிடித்துக்கொள்ளுங்கள். அந்த எடையோடு ஒருமுறை எடை மேடைக்குப் போய்வந்து, பின்பக்கம் அப்போதும் கொஞ்சம் தாழ்ந்திருந்தால் ஒரு ஜோடி ரப்பர்க் கட்டை போதும்.